பொட்டிக்காரர் வாரேன்னு சொன்ன வீடு

காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் அநேகமாக எல்லாத் தெருவுக்குள்ளும் போய் வந்தவரும், ஒரு வீட்டில்கூட ‘வாங்க’ என்று கூப்பிடப்படாதவரும் ஒரே ஆள்தான். பொட்டிக்காரர்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். யாரும் கேட்டதில்லை. எல்லோருடைய செல்போனிலும் ‘ஐஸ் பொட்டி’ என்றே பதிந்திருக்கிறார். பதிந்த கையோடு, இந்த நம்பரை அழுத்தும்படி ஆக்கிவிடாதே சாமி என்று வேண்டியும் கொள்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்து சேரும்வரை இறந்தவரின் உடம்பு கெடாமல் இருக்க, கண்ணாடி மூடி போட்ட குளிர்பெட்டி ஒன்றை வாடகைக்கு விடுவார்கள் இல்லையா, அந்தப் பெட்டியைத் தன் பழைய பிக்கப் வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவது அவர் தொழில். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பதால் தொழிலுக்குக் குறைச்சல் இல்லை.

வருஷக்கணக்காகச் சாவு வீட்டிலேயே பேசிப் பேசி அவர் குரல் அப்படியே தங்கிவிட்டது. செக்காலை ரோட்டு டீக்கடையில் வந்து, தலையைக் குனிந்துகொண்டு, “ஒரு டீ” என்பார். ஏதோ டீ இறந்துபோன மாதிரி இருக்கும். டீ மாஸ்டர் ஒருநாள் என்னிடம், “சக்கரை கம்மியான்னுகூட கேக்கத் தோணலண்ணே, ஆறுதல் சொல்லத்தான் தோணுது” என்றார்.

போன் அடித்தால் ஹலோ கிடையாது. “எங்க?” என்பார். அவ்வளவுதான். சொந்த மைத்துனரே கூப்பிட்டாலும் “எங்க?”தான். சும்மா பேசலாமென்று கூப்பிட்டவர்கள்கூட, அந்தக் கேள்விக்குப் பதிலாக ஊர்ப்பெயர் ஒன்றைச் சொல்லிவிடுவோமோ என்று பயந்து வைத்துவிடுவார்கள்.

வண்டியை அவர் எங்கே நிறுத்தினாலும் ஜனம் கேட்கிற கேள்வியும் ஒன்றே ஒன்றுதான். “யாருக்கு?” ஒருமுறை மானகிரியில், போன் பேசுவதற்காக மரநிழல் பார்த்து ஓரங்கட்டியிருக்கிறார். அது ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் வீட்டு வாசல். பேசி முடிப்பதற்குள் தெருவில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் மாலையே வாங்கி வந்துவிட்டார். தலைமையாசிரியர் கதவைத் திறந்து, “என்ன கூட்டம்? யாருக்கு என்ன?” என்று கேட்டபோது, மாலைக்காரர் யோசிக்காமல் அதை அவர் கழுத்திலேயே போட்டு, “பிறந்தநாள் வாழ்த்துக்கள் சார்” என்று சமாளித்தாராம்.

இன்னொன்று. பொட்டிக்காரர் எந்த இடத்தைவிட்டும் சொல்லிக்கொண்டு கிளம்பமாட்டார். சாவு வீட்டில் ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லக்கூடாது, சத்தமில்லாமல் வெளியேறிவிட வேண்டும், நமக்கும் தெரியும். அவர் டீக்கடையிலும் அப்படித்தான். பேசிக்கொண்டே இருப்போம், திரும்பினால் ஆள் இருக்கமாட்டார். தொழில் பழக்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

போன சித்திரையில் பள்ளத்தூரில் என் சித்தப்பா காலமானார். காலையில் பல் துலக்கிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார். ஒரே மகள் குவைத்தில் நர்ஸ். போனில் அவள் அழவில்லை. “அண்ணே, நாளைக்கு விடியக்காலம் வந்துருவேன். அப்பா மொகத்த ஒரு தடவ பாக்கணும். அதுவரைக்கும் எடுத்துறாதீக” என்றாள். தெருப் பெரியவர்களோ, இந்த வெயிலில் உடம்பு தாங்காது, பொட்டி வராவிட்டால் பொழுது சாயுமுன் எடுத்துவிடுவதுதான் அவருக்கு மரியாதை என்று சொல்லிவிட்டார்கள். நான் காரைக்குடிக்கு ஓடினேன்.

பொட்டிக்காரர் பெட்டியை ஏற்றிக் கயிறு கட்டி, “ஏறுங்க தம்பி” என்றார். கிளம்பினோம்.

செக்காலையைத் தாண்டுவதற்குள்ளேயே வண்டி இடதுபக்கமாக இழுக்க ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரமாட்டேன் என்கிறது. பிறகு ஒரு கருகல் வாடை. அவர் மூக்கை உறிஞ்சிவிட்டு, அந்தக் குரலில், “புடிச்சுக்கிருச்சு தம்பி” என்றார். அவருக்குத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது என்று நான் பதறிவிட்டேன். பிடித்துக்கொண்டது முன்சக்கர பிரேக்.

வண்டி போய் நின்ற இடம் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் வாழைமரம், பன்னீர்ச் செம்பு, நடுவே நாங்கள். மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் பெட்டியைப் பார்த்த வேகத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ள வந்துவிட்டார்கள். அப்படி ஒரு ஒற்றுமையை எந்தச் சம்பந்தி வீட்டாரிடமும் நான் பார்த்ததில்லை. அடுத்த தெருமுனைவரை வண்டியைத் தூக்காத குறையாக இழுத்துப்போய் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடினார்கள்.

பொட்டிக்காரர் குடிக்கிற தண்ணீரில் கொஞ்சம் எடுத்து வலது சக்கரத்தின் நடுவில் தெளித்தார். ஒன்றும் இல்லை. இடதில் தெளித்தார். சுர்ரென்று தோசைக்கல் மாதிரி பொங்கியது. “வலதுக்கு ஒண்ணுமில்ல. இடதுக்குத்தான் காய்ச்சல்” என்றார்.

வேறு வண்டிக்குப் பெட்டியை மாற்றிவிடலாமென்று கண்ணில் பட்ட வண்டியையெல்லாம் கை காட்டினேன். ஒரு மினிலாரிக்காரர் நிறுத்தினார். பெட்டியைப் பார்த்ததும், “இப்பத்தான் எஃப்சி காட்டிட்டு வாரேன்ணே, வண்டிக்கு இன்னும் ஆயுசு இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். சூடு தணியட்டும் என்று காத்திருந்து, மெல்ல உருட்டிக்கொண்டு கோட்டையூர்வரை வந்தோம். அங்கே மறுபடி பிடித்தது. இந்த முறை நின்றது ஒரு ஓட்டு வீட்டின் முன்னால். சித்தப்பா வீட்டிலிருந்து போன்மேல் போன். பந்தல்காரர் வந்துவிட்டார், பாடைத் தேருக்குச் சொல்லட்டுமா என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு போனுக்கும் கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

பொட்டிக்காரர் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கினார். கையால் சுற்றிப் பார்த்தால் அசையவில்லை. பிரேக்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர் இறுகிவிட்டது என்று சுத்தியலை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார். அந்தச் சத்தத்துக்கு வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் வெளியே வந்தார். பெட்டியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

“யாரு உங்கள வரச்சொன்னா? மாமாவுக்கு இன்னும் மூச்சு இருக்கு.”

என்ன கொடுமை பாருங்கள். உள்ளே அவருடைய மாமனார் மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்கிறார். பொட்டிக்காரர் சுத்தியலோடு எழுந்து நின்றார். அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. வண்டி ரிப்பேர் என்று சொல்ல வாயெடுத்தவர், அந்தக் குரலில் சொன்னால் அதுவும் துக்கச் சேதியாகத்தான் கேட்கும் என்று தெரிந்தோ என்னவோ, பேசாமலே நின்றார்.

அப்போது ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு சத்தம். “எந்தப் பக்கம்?”

“முன்னாடி இடதுண்ணே” என்றார் பொட்டிக்காரர்.

“பிரேக்குல இருந்து கால எடுத்தும் விடலையா?”

“விடல.”

“அப்ப சுத்தியலக் கீழ வையி. நிப்பிளத் தொறந்து பாரு.”

பெரியவர் பஸ் டிப்போவில் ஃபிட்டராக இருந்தவராம். பொட்டிக்காரர் ஸ்பேனரை எடுத்து, காலிப்பரில் காற்று எடுக்கிற நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்தினார். பிரேக் ஆயில் சர்ரென்று பீய்ச்சியது. நான் சக்கரத்தைத் தொட்டேன். அதுவரை கல்லாக நின்றது ராட்டினம்போல் சுற்றியது.

“சுத்துதா?” என்றது ஜன்னல்.

“சுத்துது.”

“காலிப்பர் நல்லாருக்கு. ஆயில் போற ரப்பர் ஓசு போயிருச்சு. வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது, உள்ளுக்குள்ள வீங்கி அடச்சிருக்கும். மிதிக்கையில ஆயில் போயிரும், திரும்பி வர வழியிருக்காது.” கொஞ்ச நேரம் இருமினார். “எனக்கும் அதே கததான்யா. டாக்டரு படம் போட்டுக் காட்டுனாரு.”

பொட்டிக்காரர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரித்து முடித்ததும் பயந்துபோய் மருமகளைப் பார்த்தார். அந்தப் பெண்ணும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நின்றார், அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாது.

பிரேக்கைத் தொடாதே, கியரிலும் கைப்பிரேக்கிலுமே போ, மறந்து மிதித்துப் பிடித்துக்கொண்டால் இறங்கி நிப்பிளைத் திற என்று பெரியவர் சொல்லிக் கொடுத்தார். நிப்பிளை இறுக்கிச் சக்கரத்தை இறக்கினோம். பொட்டிக்காரர் வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் வண்டியில் ஏறப்போனார்.

“ஏப்பா, சொல்லிட்டுப் போ” என்றார் பெரியவர்.

பொட்டிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு, “நான் எப்படிண்ணே சொல்றது?” என்றார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. சாவு வீட்டில் வழக்கப்படி சொல்லக்கூடாது. உயிரோடு இருக்கிறவர்கள் வீட்டில் அவர் போய் ‘வாரேன்’ என்றால் யார் தாங்குவார்கள்? அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அந்த மனுஷனுக்கு உலகத்தில் ஒரு வாசல்கூட இல்லை.

“வாரேன்னு சொல்லு. எனக்கு நீதான வரணும், வேற எவன் வருவான்? ஆனா ஓசு மாத்திட்டு வா. பாதி வழியில நின்னு என் மானத்த வாங்காத.”

“வாரேன்ணே” என்றார் பொட்டிக்காரர். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஜன்னலுக்குக் கேட்டிருக்கும்.

பள்ளத்தூர் வரைக்கும் இரண்டாவது கியரிலேயே, ஹாரனை அழுத்திக்கொண்டு போனோம். எதிரே வந்தவர்கள் பெட்டியைப் பார்த்துத் தானாக ஒதுங்கினார்கள். பிரேக் இல்லாதது அவர்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் அதைவிட ஒதுங்க இடமில்லை. பொழுது சாயுமுன் சித்தப்பாவைப் பெட்டிக்குள் வைத்துவிட்டோம். விடியற்காலம் தங்கச்சி வந்து கண்ணாடிமேல் கன்னத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “தூங்குற மாதிரியே இருக்காருண்ணே” என்றாள். நான் பொட்டிக்காரரைத் தேடினேன். அவர் முந்தின நாளே சொல்லாமல் போய்விட்டிருந்தார்.

மறுநாளே இரண்டு பக்கமும் புது ஓஸ் போட்டுவிட்டார். அதன்பிறகு அவருக்கு ஒரு போன் வர ஆரம்பித்தது. “எங்க?” என்று எடுப்பார். “இங்குட்டுத்தான், இன்னும் கட்டில்லதான் கெடக்கேன். ஓசு மாத்திட்டியா?” என்று கேட்கும் அந்தக் குரல். மாத்திட்டேன்ணே என்பார். “சரி சரி, அவசரமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன்.” சும்மா கூப்பிட ஓர் ஆள் கிடைத்ததில் பொட்டிக்காரர் டீக்கடையில் கொஞ்சம் சத்தமாகவே டீ கேட்க ஆரம்பித்தார்.

ஆடியில் ஒருநாள் அதே நம்பரிலிருந்து போன் வந்தது. பேசியது மருமகள்.

வண்டி எங்கேயும் நிற்கவில்லை என்று பொட்டிக்காரர் என்னிடம் சொன்னார். அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் துருவிக் கேட்டபிறகுதான் மற்றது வந்தது. அந்த மருமகள் வாசலில் நின்றுகொண்டிருந்தாராம். “வாங்கண்ணே, உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாரு” என்றாராம். ஆக, முதல் வரியில் நான் எழுதியதைத் திருத்திக்கொள்ள வேண்டியதுதான். ஒரு வீட்டில் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது வீடு எங்களுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் காப்பிக்கு வருகிறார். முதலில் வண்டியைத் தெருக்கோடியில் விட்டுவிட்டு நடந்து வந்தார். அதெல்லாம் வேண்டாம், வாசலிலேயே நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டேன். யாருக்கு, யாருக்கு என்று தெரு கேட்கத்தான் செய்கிறது. எனக்குத்தான், என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று சொல்லிக்கொள்கிறேன்.