டியெங் போகாமலே டியெங் அறிந்தவர்

பயணம் போகிறவர்களை உங்களுக்குத் தெரியும். வீட்டோடு கிடப்பவர்களையும் தெரியும். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில், ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு மறு காலை வாசற்படிக்கு உள்ளேயே வைத்துக்கொண்டு நிற்கிற மூன்றாவது இனம் ஒன்று உண்டு. அவர்தான் திட்டக்காரர். முதுகில் ஒரு பை, கையில் சில்லறைக் காசு, இரண்டே நாள், மலைக்காற்று என்று ஆரம்பிப்பார். ஆரம்பிப்பதோடு சரி.

ஜாவாத் தீவின் ஸமராங் நகரத்தில் டைல்ஸ் கடை ஒன்றில் கணக்கெழுதும் விந்தார்த்தோ அந்த இனத்தில் ஒரு மாணிக்கம். கடற்கரை ஊர், வெயில் மண்டையைப் பிளக்கும், மின்விசிறி அனல் காற்றை வீசும். அப்படிப்பட்ட ஊர்க்காரனுக்கு டியெங் மேடு என்றால் நாக்கில் எச்சில் ஊறாதா? மேகம் தரையில் உட்காரும் ஊர், வாயைத் திறந்தால் புகை வரும் ஊர், அர்ச்சுனன் பெயரிலும் பீமன் பெயரிலும் கல் கோயில்கள் நிற்கும் ஊர். காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்கு மேல் போய் இறங்கிவிடலாம். விந்தார்த்தோ நான்கு வருஷமாக ஏறிக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை சாயங்காலமும் காப்பிக்கடையில் கூட்டம் கூடும். அவர், பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நிங்ரும் என்ற பெண், மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் ஜரோட். மூன்றே பேர். ஜரோட்டுக்குச் சோயாவில் செய்த தெம்பே பஜ்ஜி இருந்தால் போதும், கூட்டம் எதைப் பற்றியது என்பது அவனுக்கு முக்கியமில்லை. நிங்ருமுக்கு மட்டும் ஒரே ஒரு ஆசை. டியெங்கில் ஒரு பாறைமேல் ஏறி நின்றால் கீழே இரட்டை ஏரி தெரியும், ஒன்று பச்சை, ஒன்று கண்ணாடி. அதைப் பார்க்க வேண்டும்.

"ஜனவரியில போலாமாண்ணே?" என்பாள்.

"மழை."

"பிப்ரவரி?"

"மழையோட இடியும் சேர்ந்துக்கும்."

அப்புறம் நோன்பு வரும். நோன்பில் பயணம் எப்படி? நோன்பு முடிந்தால் பெருநாள், ஊரே சொந்த ஊருக்குக் கிளம்பும், பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. ஜூனில் பள்ளி லீவு. ஜூலையில் குளிர் முற்றி உருளைக்கிழங்குச் செடியில் பனி உறையும், ஆகஸ்டில் திருவிழாக் கூட்டம். செப்டம்பரில் புழுதி. அக்டோபரில் ஏரித்தண்ணீர் குறைந்துவிடும். நவம்பரில் மறுபடி மழை. டிசம்பரில் வருஷக் கடைசிக் கும்பல்.

"அப்ப ஒரு வருஷத்துல பதிமூணாவது மாசம்தான் சரி," என்று ஜரோட் பஜ்ஜியை வாயில் வைத்துக்கொண்டே சொல்வான். விந்தார்த்தோ கோபித்துக்கொள்ள மாட்டார். "அவசரப்பட்டவன் அங்க போய் அவஸ்தைப்படுவான்டா" என்று மூவருக்கும் இன்னொரு காப்பி சொல்வார்.

அதற்காக அவர் சும்மா இருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். உழைப்பாளி. நேர் பஸ்ஸை விட்டுவிட்டு மூன்று வண்டி மாறிப் போனால் ஆளுக்கு ஐயாயிரம் ரூபியா, அதாவது ஒரு காப்பிக் காசு, மிச்சம் என்று கண்டுபிடித்தவர் அவர். அந்த மிச்சத்தைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் நண்பர்களுக்கு வாங்கிக் கொடுத்த லும்பியா பலகாரத்தின் விலை அதைவிடக் கூடுதல். பை கனக்கக் கூடாது என்று பல்துலக்கியின் காம்பைப் பாதியாக அறுத்தவர், அதே பையில் சோறு வடிக்கும் மின்சாரப் பானையை வைத்தார். வெளியே சாப்பிட்டால் செலவாகுமே! ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பையை முதுகில் ஏற்றிக்கொண்டு தெருவை மூன்று சுற்று வருவார். தெருத் தலைவர் ஒருநாள் வழிமறித்து, "தம்பி, அம்மாகூட ஏதும் சண்டையா? மனசுல வச்சுக்காம சொல்லு, நான் பேசறேன்" என்று தோளைத் தட்டினார்.

"இல்லீங்க, சும்மா பழகிப் பாக்கறேன்."

"எதுக்குப் பழகற?"

அதற்கு விந்தார்த்தோவிடம் பதில் இருந்தது. சொல்ல ஆரம்பித்தால் மாலையாகிவிடும் என்பதால் தலைவர் நழுவிவிட்டார்.

ஒரு நவம்பர் செவ்வாயன்று நிங்ரும் தாமதமாக வந்தாள். உட்காராமல் நின்றுகொண்டே சொன்னாள்: "வர்ற சனிக்கிழமை நான் டியெங் போறேன். வர்றவங்க வரலாம்."

"நவம்பர்லயா? நிங், நவம்பர்ல அங்க..."

"எனக்கு மகாசார்ல வேலை கிடைச்சிருக்குண்ணே. பெரிய ஆஸ்பத்திரி. மாசக் கடைசியில கப்பல் ஏறணும்."

ஜரோட் பஜ்ஜியைத் தட்டில் திருப்பி வைத்தான். அவனை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். விந்தார்த்தோ இப்போது ஏதாவது பேசியாக வேண்டும். வாழ்த்த வேண்டும், எங்கே தங்கப்போகிறாய் என்று கேட்க வேண்டும், இல்லை, போகாதே என்றாவது சொல்ல வேண்டும். திட்டக்காரர் வாயில் அந்த நேரத்தில் என்ன வரும்?

"மகாசார்ல டிசம்பர் பூரா மழையாச்சே" என்றார்.

நிங்ரும் அவரைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை விந்தார்த்தோ பஸ் நிறுத்தத்துக்குப் போனது பயணம் போவதற்காக அல்ல. எடுத்துச் சொல்லி ஒரு வாரமாவது தள்ளிப்போட வைப்பதற்காக. பையை ஏன் கொண்டுபோனார் என்றால், கையை வீசிக்கொண்டு போனால், கிளம்பி நிற்கும் நிங்ரும், ஜரோட் மனசு புண்படுமே என்று. பேச்சைக்கூடத் தயார் செய்துவைத்திருந்தார். "நிங், ஒரு நிமிஷம், வானிலையைப் பார்த்தியா..." என்று தொடங்கியபோது பஸ் வந்து நின்றது. நிங்ரும் அவர் பையின் வாரைப் பிடித்து இழுத்தாள். பின்னாலிருந்து நடத்துநர், "ஏறுங்க ஏறுங்க, குடும்பச் சண்டையை உள்ள போய் வச்சுக்குங்க" என்று நெட்டித் தள்ளினார். சோற்றுப்பானையின் கனம் மீதியைப் பார்த்துக்கொண்டது. விந்தார்த்தோ நான்கு வருஷப் படியை ஒரே தாவலில் ஏறி, ஒரு கோழிக்கூடைக்காரியின் மடியில் போய் உட்கார்ந்தார்.

வழியில் பவென் ஊரைத் தாண்டுவதற்குள் திட்டம் செத்தது. ஓட்டுநருக்குப் பசித்தது, நிறுத்தினார். சாப்பிட்டார். புகை பிடித்தார். இன்னொருவர் வண்டிக்குச் சக்கரம் மாற்றக் கை கொடுத்தார். விந்தார்த்தோ ஜன்னலில் தலையை முட்டிக்கொண்டு முனகினார். ஆனால் உண்மையான சோதனை மலையடிவாரத்து வொனொசோபோவில் சின்ன வண்டிக்கு மாறிய பிறகுதான் வந்தது. சாலை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறியது. அவர் எல்லாவற்றையும் ஆராய்ந்திருந்தார், எந்த வளைவில் எந்தப் பக்கம் பள்ளத்தாக்கு என்பதுவரை. மலை வளைவில் தன் வயிறு என்ன செய்யும் என்பதை மட்டும் ஆராயவில்லை. அதற்கு ஒருமுறையாவது மலை ஏறியிருக்க வேண்டுமே!

"டேய் ஜரோட்... பை... ஏதாவது பை..."

ஜரோட் ஒரு நொடி தன் முறுக்குப் பையைப் பார்த்தான். ஒரு நொடி அண்ணன் முகத்தைப் பார்த்தான். முறுக்கையெல்லாம் சட்டைப்பையில் கொட்டிக்கொண்டு பையை நீட்டினான். நட்பு என்றால் அது.

விடுதிக்காரி சுமினா வாசலில் நின்று வெளிறிய முகத்தோடு இறங்கிய மனிதரைப் பார்த்ததுமே, "காத்து புகுந்திருச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஜாவாக்காரனுக்குத் தலைவலியோ வாந்தியோ காதல் தோல்வியோ, உள்ளே காற்று புகுந்ததுதான் காரணம். மருந்தும் ஒன்றுதான். சட்டையைக் கழற்று, குப்புறப் படு. முதுகில் தைலத்தைத் தடவி, ஒரு பழைய நாணயத்தின் விளிம்பால் சுரண்டுவாள், புலிக்கோடுபோல் சிவப்பாக வரிவரியாய் எழும்பும்வரை.

குப்புறக் கிடந்த நிலையிலும் நம் ஆள் விட்டாரா? "இந்த ஜன்னல்ல சிந்தோரோ மலை தெரியணுமேம்மா."

"அது பக்கத்து வீட்டு ஜன்னல்."

"இல்லீங்க, விளம்பரப் படத்துல உங்க ஜன்னல்தான்."

"பக்கத்து வீட்ல நின்னு எடுத்த படம் தம்பி. நம்ம ஜன்னல்ல கோழிக் கொட்டாய்தான் தெரியும்."

"ஐயோ, ம்மா, மெதுவா!... பின்பக்கம் வெந்நீர்த் தொட்டி ஒண்ணு இருக்குமே?"

"உடைஞ்சு ரெண்டு வருஷமாச்சு. இத்தனை தெரிஞ்சு வச்சிருக்கியே, இதுக்கு முன்னாடி எத்தனை தடவை வந்திருக்க?"

"முதல் தடவை."

சுமினா சுரண்டுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். கதவோரம் நின்ற நிங்ருமும் சிரித்தாள். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல். விந்தார்த்தோ தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். கேட்கச் சுகமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் கண்ணைத் திறந்தால் உலகம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே பால் நிறத்தில் மூடுபனி, கோழிக் கொட்டாய்கூடக் காணோம். மூன்று பேரும் சூடான உருளைக்கிழங்குப் பொரியலை ஊதி ஊதித் தின்றபடி காத்திருந்தார்கள். கலையவில்லை. மத்தியான வண்டிக்குக் கிளம்பியாக வேண்டும்.

"அடுத்த தடவை வர்றப்ப..." என்று விந்தார்த்தோ பழக்கதோஷத்தில் ஆரம்பித்தார்.

"எனக்கு அடுத்த தடவை இல்லண்ணே," என்றாள் நிங்ரும் மெல்ல. "எனக்குத் தெரியும், நீங்க நல்லதுக்குத்தான் சொல்வீங்க. எல்லாம் சரியா அமையணும்னுதான். ஆனா நாலு வருஷமா நான் செவ்வாய்க்கிழமை காலையில எழுந்திரிக்கும்போதே அந்த ஏரியை நினைச்சிட்டுத்தான் எழுந்திரிப்பேன். மழையில பார்த்திருந்தாக்கூட எனக்குப் போதும்."

விந்தார்த்தோ தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை காலைகளில் அவரும் அப்படித்தான் எழுந்திருப்பார், ஏரியை நினைத்தல்ல, காப்பிக்கடையை நினைத்து. பயணம் முடிந்துவிட்டால் அப்புறம் எதற்காகக் கூடுவார்கள்? இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, தன்னிடம்கூட. அதுவரை ஒரு முடிவும் ஒத்திகை பார்க்காமல் எடுத்திராத மனிதர், விருட்டென்று எழுந்து, சட்டைக்கு மேல் சாரத்தைப் போர்த்திக்கொண்டார்.

"வாங்க. எனக்கு வழி தெரியும்."

"ஒண்ணுமே தெரியலையேண்ணே?" என்றான் ஜரோட்.

"எனக்கு எப்பவுமே தெரிஞ்சதில்லடா. பாக்காமதானே இத்தனை வருஷம் போயிட்டிருக்கேன்!"

அந்த மூடுபனியில் உள்ளூர்க்காரனே சுவரைத் தடவித் தடவி நடந்தான். விந்தார்த்தோ மட்டும் படைத்தளபதிபோல் நடந்தார். "இங்க ஒரு பாலம் வரும்," என்றார், வந்தது. "இப்ப வலது கைப்பக்கம் பப்பாளி மிட்டாய் விக்கிற கடை," என்றார், மூடிய கடையொன்று முட்டியில் இடித்தது. மண்பாதை, ஏற்றம், வழுக்கல், பாறை. மேலே போய் நின்று, நிங்ருமின் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினார்.

"நேரா பாரு. கீழ பச்சை ஏரி. நல்ல பச்சை இல்ல, பாசிப்பயறை ஊறவச்ச பச்சை. ஓரத்துல மஞ்சளா கந்தகம் படிஞ்சிருக்கும். அதை ஒட்டி மெல்லிசா ஒரு புல்லுக் கரை, கரைக்கு அந்தாண்ட மத்த ஏரி. அதுக்கு நிறமே கிடையாது. வானம் என்னவோ அதுதான். இந்த நேரத்துக்கு அதுல ஒரே ஒரு மேகம் மிதக்கும். எதிர்க்கரையில பட்டுப்போன மரம், தண்ணிக்குள்ள நிக்குது..."

ஜரோட் மெல்லுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். நிங்ரும் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்திருந்தாலும் வெள்ளைதான், மூடினால் பச்சையாவது தெரிந்தது.

அப்போது காற்று ஒன்று வீசியது. மூடுபனி திரைபோல் விலகியது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

அவர்கள் முகத்துக்கு நேரே உருளைக்கிழங்குக் கிடங்கின் பின்சுவர் நின்றது. அதில் 'இங்கே சிறுநீர் கழிக்காதே' என்று சுண்ணாம்பில் பெரிதாக எழுதியிருந்தது.

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியாது. ஜரோட் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். நிங்ரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, "பாசிப்பயறு... பாசிப்பயறு..." என்று திணறினாள். விந்தார்த்தோ சுவரையே முறைத்துவிட்டு, "இந்தச் சுவர் படத்துல இல்ல" என்றார். அதற்கு இன்னொரு சுற்றுச் சிரிப்பு. சிரித்து ஓய்ந்து அவர்கள் திரும்பியபோது, முதுகுப் பக்கம், வெகு கீழே, பச்சையாக ஏதோ ஒன்று ஒரு கணம் மினுங்கியது. மினுங்கியதும் பனி மூடிவிட்டது.

"பார்த்தியா?" என்று விந்தார்த்தோ பதறினார்.

"பார்த்தேண்ணே. நீங்க சொன்ன பச்சையேதான்."

உண்மையிலேயே பார்த்தாளா, அவருக்காகச் சொன்னாளா? அவர் துருவவில்லை. சாரத்தின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மாசக் கடைசியில் நிங்ரும் கப்பல் ஏறினாள். வழியனுப்ப வந்த விந்தார்த்தோ மழையைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசவில்லை. "போன உடனே பேசு, சாப்பாடு எப்படின்னு சொல்லு" என்றார். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டார், காற்று புகுந்திருக்கும்.

அதற்கடுத்த செவ்வாயன்று, இனி யார் வரப்போகிறார்கள் என்ற நினைப்போடு அவர் காப்பிக்கடைக்குப் போனார். ஜரோட் அவருக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். மேஜையில் பஜ்ஜி இல்லை. ஒரு தேசப்படம் விரிந்து கிடந்தது.

"அண்ணே, உக்காருங்க. நிங் இருக்கிற ஊர்லேருந்து தொராஜா மலைக்கு பஸ் போகுது. ரொம்ப மலிவு. நாம போறோம்."

"போலாம்டா!" என்றார் விந்தார்த்தோ, சொன்ன வேகத்தில் அவருக்கே ஆச்சரியம். "எப்ப? அடுத்த மாசம்? டிக்கெட் எடுத்துரட்டுமா?"

ஜரோட் முகத்தைச் சுளித்தான். "அவசரப்படாதீங்கண்ணே. அங்க எருமைச் சந்தை பிரமாதமாம். ஆறு நாளைக்கு ஒரு தடவை கூடுமாம், கிழமை மாறிக்கிட்டே இருக்கும். அது நம்ம லீவோட எப்ப ஒத்து வருதுன்னு முதல்ல பார்த்துடலாம்."

பார்த்தீர்களா, இது தொற்றும். கூட உட்கார்ந்து காப்பி குடித்தாலே தொற்றும். படித்தால்கூடத் தொற்றும் என்று எனக்கு ஒரு சந்தேகம். உங்களையே கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். மேலே எங்கேயாவது ஓரிடத்தில், நிங்ரும் என்ன ஆனாள் என்பதை விட்டுவிட்டு, ஸமராங்கில் இறங்கினால் வொனொசோபோவுக்கு நேர் வண்டி உண்டா, சுமினாவின் விடுதியை விடுத்துப் பக்கத்து வீட்டில் அறை கிடைக்குமா என்று உங்கள் மனசு கணக்குப் போட்டதா, இல்லையா?