வளவனூர்க் காத்து

மாமியாரைக் கப்பல் ஏற்றி அனுப்பிவிடுவது என்று சவரிநாதன் முடிவு கட்டிவிட்டான். திண்டிவனத்தில் ஏதுய்யா கப்பல் என்று கேட்காதீர்கள், அவன் அவ்வளவு நொந்திருந்தான். சித்திரையில் வளவனூரிலிருந்து ஒரு மூட்டை மல்லாட்டையோடு, அதாங்க வேர்க்கடலையோடு, வந்திறங்கிய அமலோற்பவமேரி, ஆடி பிறந்தும் அசைகிற வழியாக இல்லை. மல்லாட்டை தீர்ந்து மாசமாச்சு. டிவி ரிமோட் மட்டும் அந்தம்மா கையை விட்டு இறங்கவில்லை. மூணு மாசமா மனுஷன் ஒரு ஓவர் கிரிக்கெட் பார்க்கவில்லை, பாவம்!

நேராகச் சொன்னால் பெண்டாட்டி கிளாரா தோலை உரித்துவிடுவாள். அதனால் மனோதத்துவம். யோசனையை நாம் விதைக்கணுமாம், அது தன் மூளையில் முளைத்ததாக எதிராளி நினைக்கணுமாம். செல்போனில் ஒரு கோட்டுக்காரர் சொல்லியிருந்தார். கிளாரா குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் புத்தகத்தில் பருவக்காற்றைப் பற்றி இரண்டே வரி மேய்ந்துவிட்டு ஆரம்பித்தான்.

"அந்தக் காலத்து மாலுமிங்க இன்னா டீசன்ட்டு பாரு கிளாரா! ஒரு காத்துல வருவாங்க, யாவாரம் பண்ணுவாங்க, காத்து மாறுச்சுன்னா மூட்டையைக் கட்டிக்கினு கிளம்பிடுவாங்க."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. இப்ப அடிக்கறது தென்மேற்குப் பருவக்காத்து. வளவனூரு நமக்குத் தென்மேற்கு. பாயை விரிச்சா போதும், காத்தே கொண்டும்போய் உட்டுடும்."

"பாயா? அம்மா டிவி எதிர்ல விரிச்சிக்கினுதானே படுத்திருக்காங்க!"

"அய்யோ, அது கோரைப்பாய். நான் சொல்றது கப்பல் பாய்."

கிளாரா புத்தகத்தை மூடினாள். "காத்துக்குப் போற திசையைப் பேரா வைக்க மாட்டாங்க. வர்ற திசையைத்தான் வைப்பாங்க. இது வளவனூர்லேர்ந்து இங்க வர்ற காத்துங்க!"

"அப்ப போற காத்து?"

"வடகிழக்கு. ஐப்பசியில அடிக்கும்."

சவரிநாதன் விரல் விட்டு மாசங்களை எண்ணினான். ஐப்பசிக்குள் உலகக்கோப்பையே முடிந்துபோகும்.

"நல்லவேளை நீங்களே காத்தப் பத்திப் பேச்செடுத்தீங்க. எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிக்கினு இருந்தேன்," என்றாள் கிளாரா. "வளவனூர்லேர்ந்து ஆளு வருது. விழுப்புரம் தாண்டியாச்சாம். ஜல்தி பஸ் ஸ்டாண்டுக்குப் போங்க."

"யாரு, உங்கண்ணன் லூர்து பிரகாஷா?" சவரிநாதன் முகம் மலர்ந்தது. மச்சானும் கிரிக்கெட் பைத்தியம். ரெண்டு பேராகச் சேர்ந்தால் ரிமோட்டைப் பிடுங்கிவிடலாம்.

"அண்ணன் வரலீங்க. அவரோட மாமியாரை பஸ் ஏத்தி உட்டுட்டாரு."