பெருவிரலில் ஒரு வெட்டுக்காயம்

எங்கள் வீட்டில் ஒரேயொரு இரகசியத்தையாவது என் மனைவி றுஸ்தாவுக்குத் தெரியாமல் வைத்திருப்பதென்று தீர்மானித்தேன். இருபத்துநாலு வருட மணவாழ்க்கையில் எனக்கென்று ஒன்று வேண்டாமா. கிடைத்தது ஒரு பாலுண்ணி.

வலது பெருவிரலில், நகத்துக்குச் சற்றுக் கீழே, மிளகளவில் சொரசொரவென்று ஒரு பூக்கோவா, காலிஃபிளவர். வேறு காலமென்றால் அதோடு சமாதானமாக இருந்திருப்பேன். ஆனால் மூன்று மாதத்தில் மகள் ஸம்றாவுக்கு நிக்காஹ். பள்ளிவாசலில் சபை பார்த்திருக்க, மாப்பிள்ளையின் வலக்கையைப் பிடித்து, பெருவிரலோடு பெருவிரல் சேர்த்து மகளை ஒப்படைக்க வேண்டியவன் நான். மகளோடு சேர்த்து இதையும் கொடுத்துவிட்டால்?

கட்டாரில் பதினெட்டு வருடம் இருந்து திரும்பியவன். கைபேசியில் தேடினேன். வைரஸ், தொட்டால் தொற்றும் என்றிருந்தது. ஆங்கிலத்தில் வாசித்துப் பயந்தேன், தமிழில் மறைத்தேன். எங்கள் சாய்ந்தமருதில் வீடு பெண்ணுக்கு உரியது. ஆண் வந்து குடியேறுகிறவன். றுஸ்தாவின் குசினி அடுப்படிக்குள் நுழைந்த செய்தி நண்பகல் லுஹர் பாங்குக்கு முன்னர் பாலமுனையில், மாப்பிள்ளை வீட்டு வாசலில் நிற்கும்.

சுண்ணாம்பும் சவர்க்காரமும் குழைத்து வைத்தேன். விரல் வெந்தது, உண்ணி சுகமாக இருந்தது. சவரப் பிளேட்டால் சீவினேன். இரத்தம் வந்தது. இரண்டு வாரத்தில் ஒன்று மூன்றாகிக் குடும்பமாக உட்கார்ந்திருந்தது. பிளாஸ்டரை ஒட்டினேன்.

"விரல்ல என்ன?"

"திருவலைல பட்டுட்டு."

"நீங்க எப்ப தேங்காய் திருவின?"

"நீ வீட்டுல இல்லாத நேரம்."

"நான் எப்ப வீட்டுல இல்லாம இருந்த?"

"கலியாணம் வருதெல்லுவா. ஒரு உதவியா இருக்கும் எண்டு பழகிப் பாத்தன்."

றுஸ்தா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஓம், வெட்டுக்காயம் பொல்லாதது. ஒரு மருந்து இரிக்கி. ஆனா பத்தியமும் இரிக்கி."

"சாப்பாட்டுலயா?"

"சாப்பிட்ட பிறகு."

மறுநாள் பகல் சாப்பாடு முடிந்ததும் பத்தியம் தொடங்கியது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் கைகளை ஊறவிட்டு வீட்டுச் சட்டி பானை அத்தனையையும் நான் கழுவ வேண்டும். கழுவியதை அவள் கொதிநீரில் இன்னொரு தரம் அலசுவாள். என் கழுவலில் நம்பிக்கையில்லை என்று நினைத்தேன். பிறகு எனக்கு மட்டுமான துவாய். எனக்கு மட்டுமான, நகம் தேய்க்கும் அட்டையால் விரலை மெல்லத் தேய்த்தல். ஒரு துளி மருந்து. புதுப் பிளாஸ்டர். இரண்டு மொழி படித்தவன் கையில் கிடைத்தது ஒரு மொழியிலும் பெயரில்லாத போத்தல், லேபிளை உரித்திருந்தாள். மறுக்கவா முடியும்? மறுத்தால், காயத்தைக் காட்டு என்பாள்.

பத்து வாரம். மீன்சட்டி, சோற்றுப்பானை, விருந்தாளி வந்தால் பலர் சேர்ந்துண்ணும் பெரிய சஹன் தட்டு. வெட்டுக்காயம் ஆற இத்தனை சட்டியா என்று ஒருநாளும் நான் கேட்கவில்லை. தோல் வெள்ளையாகிப் பொருக்குப் பொருக்காய் உரிந்தது. ஒரு காலையில் பிளாஸ்டரை எடுத்துப் பார்த்தால் உண்ணிகள் இல்லை. அவை இருந்த இடத்தில் தோலின் மெல்லிய கோடுகள், உழுத வயலில் வரம்பு திரும்பக் கட்டினாற்போல, வந்து சேர்ந்திருந்தன. சுப்ஹானல்லாஹ். என் தோலுக்குத் தன் வழி ஞாபகமிருந்தது. நெடுநேரம் விரலையே பார்த்திருந்தேன்.

நிக்காஹ் அன்று காலை, வென்றவனின் பெருந்தன்மையோடு உண்மையைச் சொன்னேன்.

"றுஸ்தா, அது வெட்டுக்காயம் இல்ல. பாலுண்ணி."

"ஓம். மூணு."

"எப்ப தெரியும்?"

"முதல் நாளே. நீங்க பகல் சாப்பிட்டுட்டுக் குறட்டை விடக்குள்ள கழட்டிப் பாத்தன். தோல்ட கோடெல்லாம் அதுல முட்டி வளைஞ்சி போகுது. உள்ளுக்கு கறுப்புக் கறுப்பாப் புள்ளி. திருவலை புள்ளி போடுமா? படம் புடிச்சி தோல் டொக்டர்ட்ட காட்டினன். வெட்டவும் வேணாம், சுடவும் வேணாம், சீனி வருத்தம் இல்லாட்டி இந்த மருந்தப் பூசி ரெண்டு மூணு மாசம் பொறுங்க எண்டாரு."

"அப்ப ஏன் என்னோட கதைக்கல்ல?"

"நீங்கதானே திருவலையோட கதைச்சிட்டு இருந்த."

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். வைரஸுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் வைத்தியம் பார்த்து, இருவருக்கும் தெரியாமலே முடித்திருக்கிறாள்.

பள்ளியில் கையை நீட்டினேன். மாப்பிள்ளை ஷிப்லியின் கை தயங்கித் தயங்கி வந்தது. பெருவிரலில் புதுப் பிளாஸ்டர்.

"கத்தி பட்டுட்டு மாமா," என்றார் மெதுவாக.

அப்படி அன்போடு ஒரு கையை நான் என் வாழ்நாளில் பிடித்ததில்லை.

மறுநாள் பகல், எங்கள் வீட்டுக்குக் குடிவந்துவிட்ட மருமகன் கை கழுவப் போன நேரம் பார்த்துக் குசினிக்குள் போனேன்.

"மருமகனுக்கும் வெட்டுக்காயம்."

"கண்டன். போத்தலும் எடுத்து வெச்சிட்டன்."

"அப்ப இண்டையில இருந்து சட்டியெல்லாம் அவர்தானே?"

றுஸ்தா மீன்சட்டியை என் பக்கம் தள்ளினாள்.

"டொக்டர் சொன்னது பத்து நிமிசம் வெறும் சுடுதண்ணி, சட்டி பானை நான் சேத்தது, அத நீங்களே வெச்சிக்கங்க."