கொத்தி அக்காவும் சுவிஸ்காரக் கட்டையும்

யாழ்ப்பாணத்து இணுவிலில் எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் எல்லாரையும் கொத்தி அக்கா ஒரு முறையாவது இரண்டாகப் பிளந்திருக்கிறார். என்னைப் பல முறை.

பதற வேண்டாம், பிளந்தது விறகைத்தான். ஆனால் கோடாலியை ஓங்குமுன் கட்டைக்கு ஒரு பேர் வைப்பார். அன்றைக்கு யார்மேல் கோபமோ அவருடைய பேர். சின்னக் கோபத்துக்குக் கிளுவைக் கட்டை, பெரிய கோபத்துக்குப் புளியங்கட்டை. "டேய் சங்கக்கடை மனேச்சர், அரிசிக்கை கல்லையே போட்டுத் தாறாய்?" என்று ஒரு சத்தம் வரும். அடுத்தது டமார். மதிலுக்கு இந்தப் பக்கம் பல் விளக்கிக்கொண்டு நிற்கும் நான், இன்றைக்கு நான் தப்பினேன் என்று வாய் கொப்பளிப்பேன்.

விறகு கொத்துவதால் கொத்தி. எங்கள் பக்கத்தில் அது ஒரு பெண் பேயின் பேரும்கூட. இரண்டு அர்த்தமும் பொருத்தம் என்று சனம் சொன்னது, அவருக்குக் கேட்காத தூரத்தில் நின்று.

குவியலிலேயே மோசமான, கணு முறுகிய புளியங்கட்டை ஒன்று எப்போதும் கடைசிக்கு இருக்கும். அதற்குப் பேர் சுவிஸ்காரன். அக்காவின் புருசன். கல்யாணம் முடித்த அடுத்த வருசம் சுவிசுக்குப் போனவர், அங்கே இன்னொரு குடும்பமாகிவிட்டார். அதை அவர் அக்காவுக்குச் சொல்லவில்லை. அங்கே நடந்த யாருடையதோ கல்யாணத்தின் பட அல்பத்தை ஒருவர் கொண்டுவந்து காட்ட, அதில் பின்வரிசையில், ஒரு பெண்ணோடும் பெட்டைக் குழந்தையோடும் சிரித்துக்கொண்டு நின்றார்.

சமையல் காஸ் கிடைக்காத வருசம் ஒழுங்கையே விறகுக்கு இறங்கியது. கோடாலி பிடிக்கத் தெரியாத நாங்கள் கட்டையைச் சுமந்துகொண்டு அவர் வாசல் படலைக்குப் போனோம். காசில்லாமல் கொத்தித் தந்தார். ஆனால் பேர் அவர்தான் வைப்பார். என் கட்டைக்கு என் பேரையே, என் கண்முன்னாலேயே வைத்தார்.

"உவர் மதிலுக்குப் பின்னாலை நிண்டு ஒட்டுக்கேக்கிறவர்." டமார்.

இதை யாரோ போனில் வீடியோ எடுத்து அனுப்ப, அது சுவிஸ் வரைக்கும் போனது. அங்கிருந்து புருசன் வரவில்லை, மெசின் வந்தது. ஹைட்ரோலிக்காம். கட்டையைப் படுக்கவைத்துப் பிடியை அழுத்தினால், இரும்புத் தண்டு மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு போய் ஆப்பில் முட்ட, கட்டை ஒரு முனகலோடு இரண்டாகும். நான்தான் பூட்டி ஓட்டிக் காட்டினேன். அக்கா இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"உது முதுகு தடவுற மாதிரியெல்லோ பிளக்குது. இதிலை வைச்சு நான் ஆரை ஏசுறது?"

அடுத்த நாள் அதன்மேல் மிளகாய் காய்ந்தது.

பிறகொரு நாள் வாடகை வானொன்றில் வந்து இறங்கினார் சுவிஸ்காரர். மெலிந்து, இருமிக்கொண்டு. அங்கத்தைய குடும்பம் என்ன ஆனது என்று அவர் சொல்லவில்லை. மதிலுக்கு மேலே ஒழுங்கைத் தலைகள் அத்தனையும் முளைத்துவிட்டன. அக்கா அவரைப் பார்த்தார். கோடாலியைப் பார்த்தார். பிறகு புளியங்கட்டையை இழுத்து வைத்தார்.

"டேய் சுவிஸ்காரா, முன்னறையிலை பாய் கிடக்கு. காலைக் கழுவிப்போட்டு உள்ளுக்கை போ." டமார்.

அவர் முகத்தைப் பார்த்து அக்கா ஒரு சொல்லும் கதைக்கவில்லை. எல்லாம் கட்டையோடுதான்.

"டேய், விடிய விடிய இருமினாய். மல்லி அவிச்சு வைச்சிருக்கு, குடிச்சால் என்ன?"

மனிதரும் பழகிக்கொண்டார். அவரும் கட்டையைப் பார்த்தே பதில் சொன்னார். "குடிச்சிட்டாராம் எண்டு சொல்லு."

கொஞ்சம் தேறியதும் மிளகாயை எடுத்து வைத்துவிட்டு மெசினை ஓட்டத் தொடங்கினார். ஒரே முற்றம். அந்தப் பக்கம் முனகல், இந்தப் பக்கம் டமார். ஒரு காலை அக்கா கட்டையிடம் கேட்டார், "டேய், உன்ரை பெட்டைக்கு அங்கை என்ன பேர் வைச்சனி?"

மெசின் நின்றது. அவர் மகளின் பேரைச் சொன்னார். அந்தப் பேரைப் பிளக்க மனம் வராமல், ஓங்கிய கோடாலியை அக்கா மெல்லக் கீழே இறக்கி, உள்ளே போய்விட்டார்.

மாரி மழை தொடங்கமுன், கொழும்பில் டொக்டரிடம் காட்டிவிட்டு வருவதாகச் சொல்லி அவர் பஸ் ஏறினார். மறுநாள் எனக்கு ஒரு போன்.

"தம்பி, எயாப்போட்டிலை நிக்கிறன். மகள் ரிக்கற் போட்டிட்டாள். வீட்டிலை அவவுக்கு நீர்தான் சொல்லிவிட வேணும்."

"நீங்களே சொல்லுங்கோவன்."

"எந்தக் கட்டையிட்டைச் சொல்ல?" என்றார். போன் கட்டாகிவிட்டது.

கோடாலி எட்டாத தூரத்தில் நின்று சொன்னேன். அக்கா வீதிப் பக்கம் திரும்பினார்.

"கம்பளிச் சட்டையை விட்டிட்டெல்லோ போயிட்டார். அங்கை குளிர்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகும் விறகு கொத்துகிறார். ஆனால் எந்தக் கட்டைக்கும் பேரில்லை. தப்பினோம் என்று இருந்த ஒழுங்கைக்கு இப்போது அந்த அமைதி பொறுக்கவில்லை. சங்கக்கடை மனேச்சரே ஒரு நாள் என்னை மறித்து, "அக்கா என்னை இப்ப ஒண்டும் சொல்லுறேல்லையோ?" என்று கேட்டார்.

சனிக்கிழமைகளில் நான் போய், கொத்திய விறகை மழை படாமல் தாழ்வாரத்தில் அடுக்கிக் கொடுக்கிறேன். முதல் நாள் அடுக்கு சரிந்து விழுந்தது.

"உதென்ன அடுக்கு, தம்பி? கண்ணென்ன முதுகிலையே இருக்கு? உம்மையெல்லாம் ஆர் அரசாங்கக் கந்தோரிலை வேலைக்கு எடுத்தவங்கள்?" என்று தொடங்கியவருக்கு, முழுவதையும் கலைத்து அடுக்கி முடிக்கும் வரைக்கும் வாய் ஓயவில்லை. முகத்திலும் கொஞ்சம் வெளிச்சம்.

எனக்கு விறகு நேராக அடுக்கத் தெரியும். சனிக்கிழமைகளில் மட்டும் தெரியாது.