தையற்காரர் வீட்டுத் தேர்தல் ஒப்பந்தம்

காலை ஏழு மணி பத்து நிமிடம். விடியுமுன் தொடங்கிய தூறல் விடுவதாயில்லை. நாட்டுக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நாள். போட்டியிடும் இருவரில் ஒருவர் பெண். தையற்காரருக்கு ஒரு மாதமாகச் சோறு இறங்காததற்கு அதுதான் காரணம்.

ஆண் வேட்பாளருக்கு நானூறு கொடி தைத்துக் கொடுத்தவர் அவர். அப்படிப்பட்டவரின் வீட்டிலிருந்தே, கணக்கு டீச்சரான மனைவியின் ஓட்டு அந்தப் பெண்ணுக்குப் போவதா? கட்சிக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? தடுத்தே தீருவதென்று முடிவுகட்டியவர், குரலில் தேன் தடவிக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தார்.

“ஏம்மா, நீ அந்தம்மாவுக்குப் போடுவே. நான் நம்ம ஆளுக்குப் போடுவேன். ரெண்டும் நேருக்கு நேர் கழிஞ்சிடும். எதுக்கு மழையில நனையணும்? ரெண்டு பேருமே போகவேண்டாம்.”

“நாட்டை ஒரு பொம்பளை ஆண்டா என்னங்க குடி முழுகிடும்?”

“வீட்டைப் பாத்துக்கறது வேற, நாட்டைப் பாத்துக்கறது வேற.”

“வேறதான். நாட்டுல எதிர்க்கட்சிக்கு மூணு வேளை சமைச்சுப் போட வேண்டாம்.”

டீச்சர் அடுப்பைத் தணித்தார், குரலும் தணிந்தது. “அவங்க எப்படியும் தோத்துடுவாங்க, தெரியும். எங்க டீச்சருங்க ரூம்லயே பாதிப் பேருக்கு அவங்க குரல் பிடிக்கலை. ஆம்பளை மேடையில கத்தினா கர்ஜனை. அவங்க வாயைத் திறந்தா சண்டைக்காரி. சரிங்க, இன்னிக்கு நானும் போகலை, நீங்களும் போகக்கூடாது. பேச்சு மாறமாட்டீங்களே?”

“உயிரே போனாலும் மாறமாட்டேன்.”

உயிர் போகவில்லை, மூன்று மணிக்குள் மனம் மாறிவிட்டது. மனைவியைத்தான் கட்டிப்போட்டாயிற்றே, தான் மட்டும் நைசாகப் போய்ப் போட்டுவிட்டு வந்தால் யார் கேட்பது? ஆனால் டீச்சர், வாசலை அடைத்து நாற்காலி போட்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

“குடையோட எங்க?”

“மழை எப்படியிருக்குன்னு பாக்கலாம்னு...”

“ஜன்னல்லயே நல்லாத் தெரியுதுங்க.”

நான்கரைக்கு நூல் தீர்ந்துபோனது. “இன்னிக்குக் கடையெல்லாம் லீவு,” என்றார் டீச்சர், தலை நிமிராமல்.

ஐந்து மணிக்கு வாக்குச்சாவடி மூடியது. தையற்காரர் மனதைத் தேற்றிக்கொண்டார். “போகட்டும். உன் அந்தம்மாவுக்கு ஒரு ஓட்டு குறைஞ்சுதா இல்லையா?”

“குறையலைங்க. நான் போன வாரமே போட்டுட்டேன்.”

“எ... எப்படி?”

“நாளைக்கு ஓட்டு எண்ணுற வேலை எனக்கு. அந்த வேலைக்குப் போறவங்க முன்னாடியே தபால்ல போட்டுடணும். மூணு நாள் சொன்னேன். மூணு நாளும் ‘சரி சரி, சாப்பாடு ஆறுது’ன்னீங்க.”

“தபால்லயா?”

“கடைக்குப் போற வழியில பெட்டியில போடுங்கன்னு ஒரு கவர் கொடுத்தேனே. மறக்காம போட்டீங்களே, அதுவே பெருசு.”

மறுநாள் காலை ஆறு மணிக்கே டீச்சர் எண்ணும் கூடத்துக்குப் போய்விட்டார். மேசைமேல் அந்தப் பெண்ணுக்கு விழுந்த ஓட்டுச்சீட்டுக் கட்டு மெலிந்துகிடந்தது. விதிப்படி மறுமுறையும் எண்ணினார், கூடவில்லை. கையெழுத்திட்டுவிட்டு அடுத்த கட்டை எடுத்தார்.

பத்து மணிக்குக் கட்சிக்காரர்கள் வெற்றி முழக்கத்தோடு தெருவுக்குள் வந்தார்கள். கடைவாசலில் நின்றிருந்த தையற்காரரிடம், ஓட்டுப் போட்ட மையைக் காட்டச் சொல்லி விரலைப் பிடித்துப் பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெற்றிவிழாக் கொடிகளைத் தைக்கக் கொடுக்க அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள்.

தன் கட்சி ஜெயித்ததற்காக அன்று நாட்டிலேயே உட்கார்ந்து அழுத ஒரே ஆண்மகன் அவர்தான்.