ரிட்டன் பாய் ஏற்றிய மாப்பிள்ளை

காலியாக ஓடும் வண்டியைப் பார்த்து நெஞ்சு பதறுகிற மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் நாமக்கல்லில், அதுவும் என் வீட்டுக்கு நேர் எதிரே, லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறார் என்பது என் தலையெழுத்து.

லாரித் தொழிலில் சரக்கு ஏற்றிக்கொண்டு போவது பெரிய காரியம் அல்ல. இறக்கிய ஊரிலிருந்து திரும்பி வரும்போதும் சரக்கோடு வருவதுதான் காரியம். இல்லாவிட்டால் டீசல் செலவே கையைக் கடித்துவிடும். அந்த ரிட்டன் லோடைப் பிடித்துக் கொடுப்பது இவர் பிழைப்பு. அதனால் ஊருக்கே இவர் ரிட்டன் பாய். பெற்றவர்கள் வைத்த பெயர் இவருடைய மனைவிக்காவது நினைவிருக்குமா என்பது சந்தேகம். இப்போது டிரைவர்கள் செல்போனிலேயே லோடு தேடிக்கொள்கிறார்கள். பாய் அதையும் வைவார். "செல்லு லோடக் காட்டுமுங்க சார். ஏத்தறவன் மூஞ்சியக் காட்டுமா?"

தொழிலோடு நிறுத்தியிருந்தால் நான் ஏன் கேட்கப்போகிறேன்? மனிதர் சக்கரம் உள்ள எல்லாவற்றையும் லாரியாகவே பார்த்தார். நாமக்கல்லுக்கு ரயில் வந்த புதிதில் ஊரே ஸ்டேஷனுக்கு வேடிக்கை பார்க்கப் போனது. பாயும் வந்தார். பயணிகள் ரயிலை அவர் பொருட்படுத்தவில்லை. பின்னாலேயே ஒரு சரக்கு ரயில் காலிப் பெட்டிகளோடு தடதடவென்று கடந்து போனது. பாய் நேரே அதிகாரியின் அறைக்குள் நுழைந்துவிட்டார்.

"ஏனுங்க, இத்தன பொட்டியும் காலியாவா போவுது?"

"ஆமா பாய். சரக்க இறக்கிட்டுப் போகுது."

"கேக்க ஆளே இல்லீங்களா? ஒரு போன் போட்டிருந்தா தவிட்டு மூட்டையாச்சும் ஏத்தி உட்டிருப்பனே!"

"பாய், இது ரயிலு."

"ரயிலுன்னா டீசலு சும்மா வருதுங்களா?"

அந்த ரயிலை அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை.

என் பெரியம்மா சேலத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பார்த்துவிட்டு காரில் திரும்பிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. "சார், வண்டி காலியாத்தானுங்க வருது?"

"பாய், பெரியம்மா ஐ.சி.யூ.வுல இருக்காங்க. மனசே சரியில்ல."

"அடடா. ஆண்டவன் நல்லபடியா வெப்பானுங்க. அம்மாபேட்டைல நாலு வேட்டி மூட்டை கெடக்குது. வர்ற வழிதானுங்க."

அம்மாபேட்டை நான் வரும் வழியில் இல்லவே இல்லை. பெரியம்மாவுக்காகக் கலங்கிய கண்ணோடு போய் நான் வேட்டி மூட்டை ஏற்றினேன். இதை எந்த நாட்டிலாவது நியாயம் என்று சொல்வார்களா?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் மகள் பவித்ராவின் கல்யாண விஷயத்தில் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

எங்கள் தாத்தா காலத்தில், மாட்டுவண்டி காலையில் புறப்பட்டு இருட்டுவதற்குள் திரும்புகிற தூரத்துக்குள்தான் பெண் கொடுப்பார்கள். லாரி வந்தது, வரனும் அதில் ஏறி எங்கிருந்தெல்லாமோ வருகிறது. பவித்ராவுக்கு ஆத்தூர் பக்கத்திலிருந்து வந்தது. மரவள்ளிக் கிழங்கு போடுகிற பெரிய குடும்பம். பையனுக்குக் கோயமுத்தூரில் வேலை. மாப்பிள்ளை வீடு பார்த்துவர உறவுக்காரர்களோடு ஒரு வேனில் போனோம். வேன் பிடித்துக் கொடுத்தவர் என்ற உரிமையில் பாய் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

எல்லாம் நல்லபடியாக நடந்தது. மாப்பிள்ளையே முன்னின்று பாயசம் பரிமாறினார். அடுத்த முகூர்த்தத்தில் தாம்பூலம் மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. புறப்படும்போது எங்கள் பங்காளிகள் இருவர் ஆத்தூரிலேயே தங்கிவிட்டார்கள். வேனில் இரண்டு சீட் காலி. பாய் அந்தச் சீட்டுகளைப் பார்த்தார்.

"தம்பி, கோயமுத்தூருக்கு எப்பக் கெளம்பறீங்க?" என்றார் மாப்பிள்ளையிடம்.

"இப்ப சாயங்காலம் பஸ்ஸுக்குங்க."

"எதுக்குங்க பஸ்ஸு? நம்ம வண்டில எடம் சும்மா கெடக்குது. நாமக்கல்ல பஸ் ஏத்தி உடறனுங்க."

ஆத்தூரிலிருந்து கோயமுத்தூர் போகிறவன் எதற்கு நாமக்கல்லைச் சுற்ற வேண்டும்? அதை நான் சொல்லி முடிப்பதற்குள் மாப்பிள்ளை பையை எடுத்துவந்து ஏறி உட்கார்ந்துவிட்டார்.

என் அண்ணன் பல்லைக் கடித்தார். "இன்னும் தாம்பூலமே மாத்துல. அதுக்குள்ள மாப்ளயக் கையோட கூட்டிட்டுப் போனா நாலு பேரு என்னடா பேசுவாங்க?"

மாப்பிள்ளையின் அப்பாவோ பெருமையாகச் சிரித்தார். "போவட்டுமே, என்னா இப்ப? சம்பந்தி வண்டிதானே!"

ராசிபுரம் தாண்டியதும் பாய் முன்சீட்டிலிருந்து திரும்பினார். "தம்பி, எந்த லோடு ஏத்துனாலும் நான் கேக்கறதுதானுங்க. ஒடையுமா, ஒழுகுமா, நனையலாமா? உங்க மூஞ்சியப் பாத்தா எல்லாமே ஆவும்போல இருக்குதே. என்ன சாமி சங்கதி?"

வேனே சிரித்தது. மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பேசினார்.

"எனக்கு இதுல இஷ்டமில்லீங்க. கோயமுத்தூர்ல ஒரு பொண்ணுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். அப்பாகிட்ட எவ்ளோ சொல்லியும் கேக்கல. தாலி கட்டுனா எல்லாம் சரியாப் போயிடும்கறாரு. உங்ககிட்டயாவது சொல்லிரலாம்னுதான் வண்டில ஏறுனேன்."

என் அண்ணி எழுந்தே விட்டார். "எலையில பாயாசம் ஊத்துனயே, அப்பச் சொல்றதுக்கு என்ன கேடு?"

"நிறுத்துப்பா வண்டிய! எறக்கி உடு இவன!" என்று அண்ணன் கத்தினார்.

டிரைவர் வேகத்தைக் குறைத்தார். பாய் அவர் தோளில் கை வைத்தார். "நீ ஓட்டு சாமி. ஏத்துன லோட நடுரோட்டுல எறக்கற பழக்கம் நமக்கு இல்ல."

நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் பாய் அந்தப் பையனை இறக்கி, கோயமுத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அதுவும் ஜன்னல் ஓரச் சீட்டாகப் பார்த்து! எங்கள் மானத்தை வாங்கியவனுக்குக் காற்று வேறு வர வேண்டுமா?

வீட்டில் ஒரே ரகளை. கோபமெல்லாம் கடைசியில் பாய் தலையில்தான் விழுந்தது. "அந்தாளு வாய மூடிட்டு வந்திருந்தா இந்தக் கல்யாணம் ஜோரா நடந்திருக்கும்" என்றார் அண்ணி. நானும் ஆமாம் என்றேன். மகளுக்கு மாப்பிள்ளை தேடி வண்டி வைத்துப் போனவன் நான். வந்த மாப்பிள்ளையை அதே வண்டியில் ஏற்றி இன்னொருத்தியிடம் அனுப்பிவைத்தவர் இவர்.

பவித்ரா அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இது கல்யாணத்துக்கு அப்பறமாத் தெரிஞ்சிருந்தா, நான் எந்த வண்டில ஏறி வந்திருப்பேன்ப்பா?" என்று கேட்டாள்.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்படியும் என் ஆத்திரம் அடங்கவில்லை. என் வீட்டு விஷயத்தில் தலையிட இவர் யார்? மறுநாள் காலை, கேட்க வேண்டியதையெல்லாம் மனதுக்குள் வரிசையாக அடுக்கிக்கொண்டு தெருவைக் கடந்து அவர் ஆபீஸுக்குள் நுழைந்தேன். மேசையில் இரண்டு போன்கள் அடித்துக்கொண்டிருந்தன. பாய் எதையும் எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"பாப்பா சாப்புட்டுச்சுங்களா சார்?"

முந்தின நாள் மாலையிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாரும் எல்லாவற்றையும் கேட்டிருந்தோம். மானம் என்ன ஆவது, ஊருக்கு என்ன சொல்வது, அடுத்த வரன் எப்படி வரும் என்று. இதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.