நின்ற பெல்ட்டில் தட்டுவது யார்?

இரும்புத்தாது சுமக்கும் ராட்சத பெல்ட்டைப் பழுதுபார்க்கக் காலையிலேயே நிறுத்திவிட்டார்கள். அதன் அதிர்வு மட்டும் நிற்கவில்லை.

டக்... டக்... டக்.

ப்ரையனி திரையை முறைத்தாள். பெல்ட் நெடுகக் கட்டிய கண்ணாடி இழைக் கம்பி அவள் பொறுப்பு. பெல்ட்டைத் தாங்கும் எந்த உருளை எங்கே நடுங்கினாலும் காட்டிக்கொடுத்துவிடும். போன வாரம் அது இரண்டு முறை வீணாக அலறியதில் மேனேஜர் கேவின் கொதித்துப்போயிருந்தார். "இன்னொரு தடவை பொய்யா கத்துச்சுன்னா, கம்பியும் நீயும் சேர்ந்து வேலையை விட்டுட்டுப் பெர்த் நகரத்துக்கு விமானம் ஏறுங்க!"

"எங்கடி தட்டுது?" பக்கத்து நாற்காலி மெர்ல் கேட்டாள்.

"சுரங்கத்துக்குள்ள. எல்லாரும் டீ குடிக்கப் போயாச்சு. அங்க ஒரு ஈகூடக் கிடையாது."

"இந்தப் பாலைவனத்துல ஈ இல்லாத இடமா? அதுவே பேய்தான்!"

கம்பியின் இணைப்பு அழுக்காகியிருக்கும் என்று ப்ரையனி துடைத்து மாட்டினாள். இப்போது தட்டலுக்கு நடுவே காலடியும் தெரிந்தது.

"எதிரொலியா இருக்கும். நீ ஒரு தட்டு தட்டேன்," என்றாள் மெர்ல்.

ஜன்னல் வழியே எட்டி, பெல்ட்டின் இரும்புச் சட்டத்தில் ஸ்பேனரால் மூன்று தட்டு தட்டினாள் ப்ரையனி.

அமைதி.

பிறகு, நிதானமாக, மூன்று தட்டு வந்தது.

நான்கு தட்டினாள். நான்கு வந்தது. மெர்ல் கையிலிருந்த டீ அவள் மடியில் கொட்டியது.

"பதில் சொல்லுதுடி!"

வாக்கிடாக்கி கரகரத்தது. கேவின்! "ப்ரையனி, உன் கம்பி என்ன சொல்லுது?"

தட்டல்கூட அடங்கி ஒட்டுக்கேட்பது போலிருந்தது.

"ஒண்ணுமே இல்ல கேவின். சுத்த அமைதி."

"நல்லா பாத்துச் சொல்லு."

"சத்தியமா!"

டக்! டக்! டக்! இந்த முறை அதில் கோபம் இருந்தது.

சுரங்கப் பகுதியைத் திரையிலிருந்து மறைத்தாள். அடுத்த பகுதியில் தட்டியது. அதையும் மறைத்தாள். அதற்கும் அடுத்த பகுதி.

"நம்ம பக்கமா வருது..." மெர்ல் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

ப்ரையனி பிளக்கைப் பிடுங்கினாள். திரை செத்தது. இப்போது அது காதிலேயே கேட்டது. வெளியே, இரும்புப் படிக்கட்டில்.

கதவு படாரென்று திறந்தது. ஸ்டோரில் வேலை பார்க்கும் கிளைவ், மூச்சிரைக்க.

"எங்கயாவது ஒளிஞ்சுக்கோ ப்ரையனி! உன் கம்பிக்குக் காது இருக்கான்னு பாக்க கேவினே சுத்தியலோட சுரங்கத்துக்குள்ள போய்த் தட்டினாரு. நீ திருப்பித் தட்டினதும் குதிச்சுக் குதிச்சு உன் வேலை நிரந்தரம்னாரு. நீ என்னடான்னா 'ஒண்ணுமே இல்ல'ன்னு சத்தியம் பண்ணினியாமே, அதே சுத்தியலோட படியேறி வர்றாரு!"